அமைச்சர்மாரிட்ட எங்கட பிரச்சினையைக் கேட்க வைச்ச அனுபவம் இருந்தாச் சொல்லுங்கோ

ஹம்டன்லேன்வாசி:

பாராளுமன்றம் எண்டா நாங்கள் எல்லாரும் சண்டை வீடியோவைத்தான் ஷெயர் பண்ணுறம். அந்தச் சண்டை தொடங்க முதல், காலமையில எம்.பிமார் அமைச்சர்மாரிட்ட கேள்வி கேட்டு விடை எடுக்கிற கேள்வி நேரத்தை ஆரும் பாக்கிறேல்ல. எங்கட பஸ், எங்கட ஆஸ்பத்திரி, எங்கட கந்தோர் அலுவல் எல்லாம் உண்மையாக் கதைபடுறது அந்த நேரத்திலதான். எனக்கு ஒருக்கா அதோட நேரடித் தொடர்பு வந்தது, எழுதுறன், உங்களுக்கும் ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ.

என்ர பிரச்சினை பஸ். காலி வீதியில 100, 101 ஓடிக்கொண்டே இருக்கும், அதில பெரிய கஷ்டமில்லை. நான் வேலை செய்யிற இடம் உள்பக்கம், ராத்திரி எட்டு மணி தாண்டினா அந்த ரூட்டில கடைசி பஸ் வருமா வராதா எண்டு ஹோல்ட்டில நிக்கிற ஒருத்தருக்கும் தெரியாது, வந்தா வரும், வராட்டி த்ரீவீல் பிடிக்க வேணும், த்ரீவீலுக்குக் குடுத்துக் குடுத்து மாசக் கடைசியில கையில ஒண்டும் மிஞ்சாது. எங்களோட நிக்கிறதில முக்கால்வாசி பொம்பிளையள், கடையில நிக்கிறவை, ஃபார்மசியில வேலை செய்யிறவை, ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை முடிச்சு வாறவை.

அவையில ஒரு அக்காவும் நானும் ஒரு எம்.பியைப் போய்ச் சந்திச்சனாங்கள். ஆர் எண்டு எழுதேல்ல, எழுதினா இது கட்சிச் சண்டையாப் போயிடும். அவர் எல்லாத்தையும் கேட்டிட்டுச் சொன்னார், "தங்கச்சி, பஸ் ஒழுங்கா இல்லை எண்டு நான் கேட்டா, நடவடிக்கை எடுக்கிறம் எண்டு அமைச்சர் சொல்லிப்போட்டு இருந்திடுவார். எந்த ரூட், எந்த டிப்போ, டைம்டேபிள்ல கடைசி பஸ் எத்தினை மணிக்கு, உண்மையில எத்தினை மணிக்கு வருது, வராத நாள் எது, அதெல்லாம் எழுதிக் கொண்டு வாங்கோ."

அக்கா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி கோடு அடிச்சா. திகதி, நாங்கள் ஹோல்ட்டுக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், நம்பர் பிளேட். நான் வராத நாள் அவ எழுதுவா, அவ வராத நாள் நான், ரெண்டு பேரும் இல்லாட்டி சமோசா விக்கிற ஐயா எழுதி வைப்பார். மழையில நனைஞ்சு சில பக்கம் ஊறிப்போய் இருந்தது, அப்பிடியே போட்டோகொப்பி எடுத்துக் குடுத்தம்.

எம்.பி அதை வைச்சு எழுதின கேள்வியை எனக்குக் காட்டினவர். அமைச்சரைக் கேட்பதற்கு எண்டு தொடங்கி (அ), (ஆ), (இ) எண்டு பிரிச்சு, ஒவ்வொண்டிலயும் ஒரே ஒரு விஷயம், கடைசியில எப்பவும் போல "இன்றேல், ஏன்?" எண்டு முடியுது. ஆம் எண்டாலும் சொல்ல வேணும், இல்லை எண்டாலும் காரணம் சொல்ல வேணும்.

அண்டைக்கு கலரியில இருந்து பாத்தனான், போனை வாசல்லயே வாங்கி வைச்சிடுவினம், பக்கத்தில முழுக்க வெள்ளை யூனிபோர்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளையள். எங்கட கேள்வி நம்பர் வந்தவுடன அமைச்சர் எழும்பி, விடை நீளம், சபாபீடத்தில சமர்ப்பிக்கிறன் எண்டார், அதாவது வாசிக்காமல் எழுத்தில குடுத்திடுவாராம். எனக்கு நெஞ்சு விழுந்து போச்சு. ஆனா எம்.பி விடேல்ல, மேலதிகக் கேள்வி இருக்கு எண்டு எழும்பி அந்தக் கொப்பியில இருந்த நாலைஞ்சு திகதியையும் நேரத்தையும் தமிழில வாசிச்சார். அமைச்சர் சொன்ன மறுமொழி, மாகாணத்துக்குள்ள ஓடுற பிரைவேட் பஸ்ஸின்ர பெர்மிட் மாகாண அதிகாரசபையின்ர பொறுப்பு, தன்ர அமைச்சுக்குக் கீழ வராது எண்டு.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேணும். சட்டப்படி அவர் சொன்னது சரி. மாகாணம் விட்டு மாகாணம் போற பஸ்ஸுக்குத்தான் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, மேல் மாகாணத்துக்குள்ள ஓடுறதை மேல் மாகாண அதிகாரசபைதான் பாக்கும். அப்ப மாகாண சபை உறுப்பினரிட்ட போய்க் கேளுங்கோ எண்டு சொல்லலாம், ஆனா ஆர் இருக்கினம்? மேல் மாகாண சபைக்குக் கடைசியா எலக்‌ஷன் வைச்சது 2014ல, 2019ல காலம் முடிஞ்சு கலைஞ்சது, அதுக்குப் பிறகு ஆளுநர்தான் எல்லாம். கேள்வி கேட்கிறதுக்கு எண்டு நாங்கள் தெரிவு செய்த ஆள் அங்க ஒருத்தரும் இல்லை. எனக்கு இதில வாற கோபம் இண்டைக்கும் அடங்கேல்ல. மாகாணத்துக்குரியது எண்டு ஒரு அமைச்சர் சொல்லுற ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்குக் கதவு மூடுது, தட்டுறதுக்கு வேற கதவும் இல்லை.

எம்.பிக்கு இது முதலே தெரியும், அதால (இ) பகுதியில டிப்போ பஸ்ஸைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார். டிப்போ பஸ் எண்டா அரசாங்க பஸ், அது மத்திய அரசாங்கத்துக்குக் கீழ, அதில மாகாணம் எண்டு தப்ப ஏலாது. "நான் கேட்டது டிப்போ பஸ்ஸை, அது உங்கட அமைச்சு" எண்டு சொன்னவுடன பின்னால இருந்த அதிகாரிமார் துண்டு எழுதி அனுப்பினவை, அமைச்சர் அதை வாசிச்சிட்டு, கடைசி பஸ்ஸைப் பற்றி அறிக்கை எடுத்துத் தாறன் எண்டார். கொஞ்ச நாளில கடைசி பஸ் நேரத்துக்கு வரத் தொடங்கினது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் சரியில்லை, அதையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறம்.

ஜம்பட்டாதெரு:

அக்கா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. எனக்கு ஆஸ்பத்திரி விஷயம். அம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டும், மாசா மாசம் கிளினிக். 2022ல டொலர் பிரச்சினை வந்த நேரம் மருந்துக் கவுண்டர்ல பாதி மருந்தக் குடுத்துட்டு மீதிய வெளிய வாங்குங்கன்னு சின்னத் துண்டுல எழுதிக் குடுப்பாங்க, அத எடுத்துக்கிட்டு ஃபார்மசி ஃபார்மசியா ஏறி இறங்கணும், அங்கயும் இருக்காது, இருந்தா விலை கேட்டா தலை சுத்தும், அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன்னு சொல்லுவாங்க, அதக் கேட்டா நமக்கு சோறு இறங்காது. நர்ஸ்மார் மேலயும் மருந்து குடுக்கிறவங்க மேலயும் எனக்குக் கோபமே இல்ல, ஸ்டோர்ஸ்ல இல்லாததுக்கு அவங்க என்ன செய்வாங்க.

நான் அந்தத் துண்டு ஒண்ணையும் தூக்கிப் போடல. கிளினிக் கொப்பிக்குள்ளயே வச்சிருந்தேன். கோயில்ல தெரிஞ்ச ஒருத்தர் மூலமா எம்.பி ஒருத்தரோட ஒபிசுக்குப் போனப்ப அங்க இருந்த செக்ரட்டரி மிஸ் துண்டெல்லாம் மேசைல பரப்பி மருந்துப் பேர், மில்லிகிராம், திகதின்னு எழுதி எடுத்தாங்க. அடுத்த பக்கத்து வீட்டுக்காரங்கிட்டயும் வாங்கிட்டு வாங்கன்னாங்க, வாங்கிட்டுப் போனேன். சுகாதார அமைச்சருக்குப் போன கேள்வில அந்த மருந்துகளோட பேர் இருந்துச்சு, மருத்துவ வழங்கல் பிரிவுல எப்ப முடிஞ்சுச்சு, எப்ப ஓடர் பண்ணுனாங்க, எப்ப வரும்னு. முதல் தடவ விடைக்குத் தவணை கேட்டாங்க. பொறகு பட்டியல் வந்துச்சு. நம்ம துண்டுல இருந்த பேர் அதுல அச்சுல இருக்கிறதப் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு. எல்லா மருந்தும் உடனே வரல, இன்சுலின் வந்துச்சு.

இன்னொண்ணு. 2023ல தரமில்லாத இம்யூனோகுளோபியூலின் ஊசி மருந்த ஆஸ்பத்திரிகளுக்கு வாங்குன பிரச்சினை வந்துச்சே, அந்த வருஷம் செப்டம்பர்ல அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல மேல நம்பிக்கையில்லாப் பிரேரணை 73க்கு 113ல தோத்துப் போச்சு, எதுக்கு இவ்வளவு கத்துனாங்கன்னு அப்ப நெறைய பேர் கேட்டாங்க. அடுத்த வருஷம் பெப்ரவரில அந்த மருந்து விஷயத்துலயே அவர் கைதாகி, வழக்கு நீதிமன்றத்துக்குப் போச்சு. வாக்குல தோத்தாலும் அண்ணைக்கு சபைல பேசுனது முழுக்க பாராளுமன்றப் பேச்சப் பதியிற ஹன்சாட்ல இருக்கு, யாரும் அழிக்க முடியாது.

தெமட்டகொட வாசகி:

என்ட கதை சின்னது. வாப்பா மவுத்தானதுக்குப் பொறகு உம்மாட பெயருக்கு ஒரு அலுவல் மாத்த ஒரு அரசாங்க கந்தோருக்குப் போனா ஃபோம் முழுக்க சிங்களம், தமிழ் ஃபோம் முடிஞ்சி போச்சாம், தமிழ்ல விளங்கப்படுத்த ஆளும் இல்ல. உம்மா என்ன எழுதீக்குன்னு தெரியாமயே கையெழுத்து வைக்கப் போனாங்க, நான் தடுத்தேன். 1987ல 13ம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி, இவ்வளவு வருஷத்துக்குப் பொறகும் எங்கட உம்மாமார் இப்பிடி நிக்கிறது பெரிய அநியாயம்.

நான் முதல்ல தகவலறியும் உரிமைச் சட்டத்துல, 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், ஒரு விண்ணப்பம் போட்டேன். அந்தக் கந்தோர்ல தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தர் எத்தன பேர், எந்த நாள்ல இருக்காங்கன்னு ரெண்டே கேள்வி. 14 வேலை நாளுக்குள்ள தீர்மானத்தச் சொல்லணும், சொன்னாங்க. கையொப்பம், சீல் எல்லாத்தோடயும் வந்த அந்தக் கடிதத்தத்தான் எம்.பிட்ட குடுத்தேன், அவர் அமைச்சரும் எம்.பிமாரும் இருந்து பேசுற அமைச்சுட ஆலோசனைக் குழுக் கூட்டத்துல எடுத்துப் பேசினார். இப்ப கிழமைல ரெண்டு நாள் தமிழ் தெரிஞ்ச ஒரு மிஸ் வாறாங்க.

பென்ஷன் ஐயா:

பிள்ளையள், நான் ஒரு அமைச்சில கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவன், உள்ளுக்க நடக்கிறதைச் சொல்லுறன். பாராளுமன்றக் கேள்வி எண்டு ஃபைல் வந்தா மற்ற வேலை எல்லாம் ஒதுக்கி வைக்க வேணும், மேலதிகச் செயலாளரே வந்து மேசைக்குப் பக்கத்தில நிப்பார். பொதுவான கேள்வி எண்டா ஒருத்தரையும் கேட்காமல் நாங்களே பழைய விடையைப் பாத்து ஒரு பந்தி எழுதி அனுப்பிடுவம், அமைச்சர் அதை வாசிப்பார், முடிஞ்சுது. ரூட் நம்பர், திகதி, மருந்தின்ர பேர் எண்டு வந்தா அப்பிடிச் செய்ய ஏலாது. திணைக்களத்துக்குப் போய், அங்க இருந்து டிப்போவுக்கோ ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கோ போய், அவர் கையெழுத்து வைச்சுத்தான் திரும்பி வர வேணும். பிழையான விவரம் சபைக்குப் போனா சபையைப் பிழையா வழிநடத்தினது எண்டு வந்திடும், அதால எழுதிற ஒவ்வொருத்தரும் பயந்துதான் எழுதுவினம். விடை திரும்பிப் போக முதலே கீழ இருக்கிறவர் குறையைச் சரி பண்ணினதை என்ர கண்ணால எத்தினையோ தரம் கண்டிருக்கிறன்.

ஹம்டன்லேன்வாசி:

ஐயா, மெத்தப் பெரிய நன்றி, எங்கட பஸ் ஏன் அமைச்சர் அறிக்கை தர முதலே ஓடத் தொடங்கினது எண்டு இப்பதான் விளங்குது.

அடுத்த அமர்வுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பற்றி இன்னொரு கேள்வி குடுக்கப் போறம். பொரளை, மருதானை, தெமட்டகொட பக்கம் ஞாயிறு ராத்திரி வேலை முடிச்சு வாற ஆக்கள் இதில இருந்தா, நீங்கள் நிக்கிற ஹோல்ட், பஸ் வந்த நேரம், டிப்போ பஸ்ஸா பிரைவேட்டா எண்டு கீழ எழுதுங்கோ. டிப்போ பஸ்ஸை வேறயா எழுதுங்கோ, அதுக்குத்தான் விடை கிடைக்கும்.