காங்கேசன்துறையில் அம்மாவின் கருப்பட்டி

நாகர்கோவில்காரர்களுக்குச் சென்னையை விடக் கொழும்புதான் கிட்டே. ஆனால் இலங்கைக்குக் கப்பலில் போகணும்னா ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து நாகப்பட்டினம் போய்த்தான் ஏறணும்.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய அப்பா 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் விமானம் வேண்டாம், கப்பல்தான் என்று ஒரே பிடிவாதம். 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்ததே, யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் போகிற அந்தச் சேவைதான். சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அம்மா ஜம்மென்று இருந்தார், வாந்தி எனக்குத்தான். (மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.)

காங்கேசன்துறை சுங்கத்தில் பையைத் திறந்தார்கள். மேலேயே ஓலையில் பொதிந்த கருப்பட்டி. அதிகாரி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "அம்மா, இது பனங்கட்டியோ?"

"கருப்பட்டியாக்கும் மக்ளே, எங்க ஊரு அக்கானியில காய்ச்சினது."

அக்கானி என்றால் பதநீர் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. பின்னால் நின்ற அக்கா ஒருவர், "கருப்பநீரைச் சொல்லுறா போல" என்றதும் "ஓம் ஓம்" என்று சிரித்துப் பையை மூடிவிட்டார்.

யாழ்ப்பாணம் போகிற வழியில் ஆட்டோக்காரர் மயிலிட்டித் துறைமுகத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினார். எல்லை தாண்டிப் பிடிபட்ட நம்ம மீன்பிடிப் படகுகள், பெயின்ட் உரிந்து, பெயர் மட்டும் தமிழில் தெரிய வரிசையாகக் கிடந்தன. "உங்கட இழுவைமடி வந்துட்டுப் போனா அடுத்த நாள் எங்கட வலை இல்லை அண்ணை" என்றார், கோபமே இல்லாமல். நாங்க கட்டுமர ஊர்க்காரங்க, இழுவை வலை போடுற விசைப்படகு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, யுபிஐ அங்கேயும் 2024 பிப்ரவரியில் வந்துவிட்டது என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். பெரிய கடையில் சரி, சந்தையில் பனங்கட்டி விற்ற பாட்டியிடம் நோட்டுதான் செல்லுபடி. பனங்கட்டியைக் குட்டான் என்று கைக்குள் அடங்குகிற ஓலைப் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். அம்மா அங்கேயே ஒரு துண்டு கடித்துப் பார்த்து, "சீனி சேக்காத்ததாக்கும், நம்ம ஊர்ல இப்ப இது எங்க கிட்டுது" என்று ஆறு வாங்கினார். ஐந்து பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டது. ஆறாவதில் இப்போது அவருடைய பிரஷர் மாத்திரை இருக்கிறது.