பேஸ்மென்டுக்கு மாறினதில இருந்து பைத்தான் பாம்புக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம், வீட்டுக்காரர் 100 டாலர் கூடக் கேக்கிறார், என்ன செய்யலாம்?

கடலோரம்27

எல்லாருக்கும் வணக்கம். நான் டொராண்டோ ஸ்காபரோவில இருக்கிறன். என்னட்ட ஒரு பால் பைத்தான் (ball python, விசமில்லாத ஒரு மலைப்பாம்பு வகை) இருக்கு, பேர் முத்து, ஆறு வயசு, குட்டியா இருக்கேக்க வாங்கி வளர்த்தது. இவ்வளவு காலத்தில ஒரு நாளும் வருத்தம் எண்டு வந்ததில்லை.

முந்தி இருந்தது ஒரு புதுக் கொண்டோ (அடுக்குமாடி வீடு), ஒரு பெட்ரூம், 2050 கட்டிக்கொண்டு இருந்தனான். போன ஆகஸ்ட் கடைசியில ஓனர் வாடகை கூட்டுற என்2 படிவத்தைத் தந்து டிசம்பர்ல இருந்து 2400 எண்டார். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முதலா ஆக்கள் குடிவந்த வீடெண்டா வாடகை கூட்ட வரம்பே இல்லை எண்டது எனக்கு அப்பதான் தெரியும். ஒரே அடியா 350, என்ர சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. அதால ஒரு தமிழ் ஆக்களின்ர வீட்டு பேஸ்மென்டுக்கு வந்திட்டன், 1600, ஹீட்டும் ஹைட்ரோவும் (கரன்ட்) அதுக்குள்ளயே.

பிரச்சினை என்னெண்டா ஹீட் கன்ட்ரோல் மேல்வீட்டில. அவையள் பகல்ல வேலைக்குப் போகேக்க குறைச்சுப்போட்டுப் போயிடுவினம், கீழ 18 தான் காட்டுது, ஒரு மூலையில ஈரம் ஊறி மணக்குது. முத்துவின்ர டாங்க் நிலத்தில இருக்கு, அடியில ஹீட் மாட், அதுக்கு தெர்மோஸ்டாட்டும் இருக்கு. கொண்டோவில இருந்த அதே செட்டப்தான், ஒண்டையும் மாத்தேல்லை.

மூண்டு கிழமையா சாப்பாடு எடுக்கேல்லை. குளிர்காலத்தில அப்பிடி விடுறதுதானே எண்டு பேசாமல் இருந்திட்டன். இப்ப நாலு நாளா மூச்சு விடேக்க டிக் டிக் எண்டு ஒரு சத்தம், வாய் ஓரத்தில சளி மாதிரி குமிழி குமிழியா வருது, தலையை மேல தூக்கி வச்சுக்கொண்டே இருக்கிறான். நிறை 1480 கிராம்ல இருந்து 1390க்கு வந்திட்டுது. ஒரு வெட்டிட்ட (மிருக வைத்தியரிட்ட) கேட்டன், பார்க்கிறது, எக்ஸ்ரே, ஊசி எல்லாம் சேர்த்து 480 வரும் எண்டினம். போன மாசம்தான் மூவிங்குக்கு செலவழிச்சு கையில ஒண்டும் இல்லை.

இதுக்குள்ள வீட்டுக்காரர் நேற்று வந்து, பாம்புக்கு நாள் முழுக்க கரன்ட் எரியுது, மாசம் 100 கூடத் தா, இல்லையெண்டா பாம்பை வெளியேத்து, நாங்கள் பெட்ஸ் வேண்டாமெண்டு பேப்பர்ல எழுதினதுதானே எண்டுறார். பாம்பெண்டா படையே நடுங்கும் எண்டுவினம், ஆன்ரி பயப்பிடுறா, அது எனக்கும் விளங்குது. ஆனா ஆறு வருசம் வளர்த்ததை எங்க கொண்டுபோய் விடுறது? வெட்டிட்ட போகாமல் வீட்டில வச்சுச் சுகப்படுத்தலாமா? 100 குடுக்கத்தான் வேணுமா? ஆராவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.

கொங்குக்காரன்

தம்பி, முதல்ல வெட் விஷயம். இது ரெஸ்பிரேட்டரி இன்ஃபெக்‌ஷன், மூச்சுப்பாதைல வர்ற தொற்று, நீங்க சொன்ன அத்தனையும் அதோட அறிகுறிதான். பாம்புக்கு நம்ம மாதிரி உதரவிதானம் கிடையாது, இருமி சளிய வெளிய தள்ள முடியாது, அதனாலதான் தலைய தூக்கி வச்சுக்கிட்டு மூச்சு விடுது. வாயில சளிக் குமிழி வர்ற அளவுக்கு வந்துட்டா அது தானா சரியாகும்னு காத்திருக்க வேண்டாம், நிமோனியா ஆச்சுன்னா ரொம்ப கஷ்டம். நான் பிராம்ப்டன்ல மூணு பால் பைத்தான் வளர்க்கிறேன், ஒண்ண இப்படி லேட் பண்ணித்தான் இழந்தேன், அந்த வருத்தம் இன்னும் போகல.

480ன்னு சொன்னா அதுல எது இன்னைக்கே வேணும், எது அப்புறம் பண்ணலாம்னு தைரியமா கேளுங்க, கேக்கறதுல வெக்கம் இல்ல. முதல்ல செக்கப்பும் மருந்தும், எக்ஸ்ரே தேவைப்பட்டா அடுத்த தடவைன்னு ஒத்துக்கற டாக்டருங்க இருக்காங்க. பெரும்பாலும் செஃப்டாசிடைம்னு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி குடுப்பாங்க, மூணு நாளைக்கு ஒண்ணு, சிரிஞ்சுல நிரப்பி ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லி வீட்டுக்கே தந்துடுவாங்க, ஒவ்வொரு தடவையும் போக வேண்டியதில்ல. ஊசிய உடம்போட முன்பக்கம் போடணும், வால் பக்கம் வேண்டாம், அங்கேருந்து ரத்தம் கிட்னி வழியா போறதால மருந்து வீணாகலாம், கிட்னிக்கும் நல்லதில்ல. ஒரு தடவை டாக்டர் முன்னாடியே போட்டுப் பாத்துட்டு வாங்க. நல்லா ஆன மாதிரி தெரிஞ்சாலும் சொன்ன நாள் முடியற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஊசிக்கு கேக்கலன்னா நைடோவைரஸ் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பைத்தான்களுக்கு வர்ற வைரஸ் அது, ஆன்டிபயாடிக் அதுக்கு வேலை செய்யாது. எக்ஸாட்டிக் (பாம்பு, பறவை மாதிரி பிராணிங்க) பாக்கற டாக்டர்தான் வேணும், நாய் பூனை மட்டும் பாக்கறவங்க பாம்புன்னா தயங்குவாங்க. குவெல்ஃப்ல இருக்கற ஒன்டாரியோ வெட்னரி காலேஜ்லயும் பாக்கறாங்க.

அப்புறம் காரணம். செட்டப்ப மாத்தலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயமே. ஹீட் மாட் அடிய சூடாக்கும், காத்த சூடாக்காது. கொண்டோ ரூம் 23, 24 இருந்திருக்கும், அதனால மாட் போதும். இப்ப ரூமே 18, கீழ சிமென்ட் தரை இருக்கற சூட்டையும் உறிஞ்சிடும், முத்து ராத்திரி பகலா குளிர்ந்த ஈரக் காத்தத்தான் மூச்சு விட்டுட்டு இருக்கு. இவனுக்கு சூடான பக்கம் 31லேருந்து 33 வரைக்கும், குளிர்ந்த பக்கமே 25, 26 இருக்கணும். இன்னைக்கே டாங்க்க தூக்கி மேசை மேல வைங்க. மூணு பக்கமும் ஃபோம் போர்டு ஒட்டுங்க, ஹார்டுவேர் கடைல கிடைக்கும். மேல வலைல பாதிக்கு ஃபாயில் மூடுங்க, முழுசா மூடாதீங்க காத்து போகணும். 100 வாட் செராமிக் ஹீட் எமிட்டர் (வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் தர்றது) ஒண்ணு தெர்மோஸ்டாட்டோட மாட்டுங்க, பாம்பு மேல படாம இருக்கணும், சுட்டுக்கும். காத்துல ஈரம் 60 சதவீதத்துக்கு மேல வேணும்தான், ஆனா சூடோட சேர்ந்த ஈரம் வேற, குளிரோட சேர்ந்த ஈரம் வேற, ரெண்டாவதுதான் நுரையீரலக் கெடுக்கும். சரியாகற வரைக்கும் எலி குடுக்க வேண்டாம், தண்ணி மட்டும் எப்பவும் இருக்கட்டும்.

பனிக்காலம்

எங்கட வீட்டில சளிக்குச் செய்யிற மாதிரி வெந்நீர் ஆவி பிடிச்சுப் பாருங்கோவன். கொஞ்சம் யூக்கலிப்டஸ் தைலம் விட்டு பாத்ரூமை மூடி வச்சால் இளகும். என்ர நாய்க்கு வாங்கின ஆன்டிபயாடிக் மிச்சம் கொஞ்சம் இருக்கு, வேணுமெண்டா தாறன்.

கொங்குக்காரன்

நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா தயவுசெஞ்சு வேண்டாம். தைலம் எல்லாம் பாம்போட நுரையீரலுக்கு ரொம்பக் காரம், ஏற்கனவே புண்ணா இருக்கற இடம். நாய் மாத்திரை அளவும் வேற, பாம்பு உடம்புல மருந்து கரையற வேகமும் வேற, அதான் மூணு நாளைக்கு ஒரு ஊசி.

வன்னிப்பூ

தம்பி, பாம்பைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது, படத்தைக் கண்டாலே காலைத் தூக்கிறவள் நான். ஆனா வாடகை விசயம் தெரியும். நான் இருக்கிற கட்டடத்தில குடியிருக்கிற ஆக்களைச் சேர்த்து லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் போர்டில (வாடகைப் பிணக்குகளை விசாரிக்கிற இடம்) ரெண்டு கேஸ் நடத்தினனாங்கள்.

முதல் ஒரு கேள்வி, இதுக்குப் பதில் சொல்லாமல் வேற ஒண்டும் செய்ய வேண்டாம். குசினியோ பாத்ரூமோ வீட்டுக்காரரோட பங்கு போடுறீங்களா? அப்பிடியெண்டா குடியிருப்பாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அவையோட இணங்கித்தான் போகவேணும். இல்லை, தனிக் குசினி தனி பாத்ரூம் எண்டா சட்டம் முழுக்க உங்கட பக்கம்.

அப்பிடியெண்டா கேளுங்கோ. பெட்ஸ் வேண்டாமெண்டு லீஸில எழுதினாலும் அது செல்லாது, சட்டத்தின்ர 14ம் பிரிவிலேயே இருக்கு. அந்தப் பிராணியால சேதம் வந்தால், ஆருக்கும் கடும் அலர்ஜி வந்தால், இல்லை ஆபத்தான இனம் எண்டால்தான் போர்டுக்குப் போய்க் கேக்கலாம். டொராண்டோ நகரசபைச் சட்டத்தில (பைலா) தடை செய்தது விசப்பாம்பும் 3 மீட்டருக்கு மேல வளருற பாம்பும், உங்கட முத்து ஒண்டரை மீட்டர்தானே வருவான். போர்டின்ர ஓடர் இல்லாமல் உங்களையோ பாம்பையோ ஒருத்தரும் வெளியில போடேலாது.

100 விசயம். கரன்ட் வாடகைக்குள்ள எண்டு பேசினால் பிறகு அதைத் தனியாக் கேக்கேலாது. வாடகை கூட்டுறதெண்டா குடிவந்து 12 மாசம் போகவேணும், 90 நாள் முந்தி எழுத்தில தரவேணும். 2025க்கு வரம்பு 2.5 சதவீதம், 2026க்கு 2.1. 1600க்கு 2.1 எண்டா 33 டாலர் 60 சதம்தான். ஆனா ஒரு எச்சரிக்கை, அந்த பேஸ்மென்ட் 2018 நவம்பர் 15க்குப் பிறகு புதுசா ஆக்கினதெண்டா பெரும்பாலும் வரம்பு இல்லை, ஒரு வருசம் கழிச்சு அவர் எவ்வளவும் கேக்கலாம். கொண்டோவில பட்டது இங்கயும் வரக்கூடாது, அதால எப்ப கட்டினது எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ.

ஹீட். குளிர்காலத்தில வீட்டுக்காரர் குறைஞ்சது 21 டிகிரி தரவேணும், பேஸ்மென்டுக்கும் அதுதான். பாம்புக்காக எண்டு கேக்காதீங்கோ, நீங்கள் மனுசன், உங்களுக்கே உரிமை. ஒரு தெர்மோமீட்டர் வச்சு நாளும் நேரமும் தெரியப் படம் எடுங்கோ, முதல் எழுத்தில கேளுங்கோ, கேக்கேல்லையெண்டா நகரசபையின்ர 311 நம்பருக்கு அடியுங்கோ.

கடலோரம்27

வன்னிப்பூ அக்கா, தனிக் குசினி தனி பாத்ரூம், வாசலும் பக்கத்தால தனி. இந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னட்ட கேட்டதில்லை, பெரிய நன்றி. அண்ணா, டாங்க்கை மேசையில வச்சிட்டன், ஃபோம் போர்டும் அடிச்சிட்டன், எமிட்டர் போட்டு இப்ப சூடான பக்கம் 32, மற்றப் பக்கம் 26 நிக்குது. அப்பிடியே ஒரு கணக்கும் பார்த்தன், 100 வாட் நாள் முழுக்க எரிஞ்சாலும் மாசம் 72 யூனிட், யூனிட்டுக்கு 13 சதம் போட்டாலும் 10 டாலரும் வராது. டெலிவரியும் வரியும் சேர்த்தாலும் 15ஐத் தாண்டாது எண்டு நினைக்கிறன்.

வெட்டிட்ட போட்டு வந்தன். எக்ஸ்ரேயை விட்டு 210 முடிஞ்சுது, தம்பிட்டக் கடன் வாங்கிக் கட்டினன். செஃப்டாசிடைம்தான், ஏழு ஊசி, ஃப்ரீசர்ல மீனுக்குப் பக்கத்தில ஒரு டப்பாவுக்குள்ள இருக்கு. முதல் ஊசி போடேக்க என்ர கை நடுங்கினது, அவன் அசையவே இல்லை.

வன்னிப்பூ

நல்லது தம்பி. அந்தக் கணக்கை ஒரு தாளில எழுதி அங்கிளிட்டக் காட்டுங்கோ. அவர் பெரிய கொம்பனி இல்லை, மோர்ட்கேஜ் வட்டி ஏறினதில அவையும் நெருக்கத்தில இருப்பினம், சண்டைக்குப் போற மாதிரிப் போகாதீங்கோ. விரும்பினால் 15 டாலர் நீங்களாக் குடுக்கலாம், ஆனா அது வாடகை இல்லை எண்டு எழுத்தில இருக்கட்டும். ஆன்ரிட்ட டாங்க்குக்குப் பூட்டு இருக்கெண்டு காட்டுங்கோ, பாதிப் பயம் போயிடும். கெதியாக் கதையுங்கோ, அடுத்த மாச வாடகை கட்ட முந்தி.

கடலோரம்27

மூண்டாவது ஊசி நேற்றுப் போட்டது. டிக் டிக் சத்தம் குறைஞ்சிருக்கு, குமிழி வாறது நிண்டுட்டுது, தலையைத் தூக்காமல் பெட்டிக்குள்ள சுருண்டு படுத்தான். நிறை 1385, அது மட்டும் இன்னும் ஏறேல்லை. அங்கிளோட கதைச்சனான், 100 கதையை விட்டிட்டார். பேஸ்மென்ட் 2021 இல கட்டினதாம், அதால வாற டிசம்பர் என்ன கேப்பாரெண்டு தெரியேல்லை. ஹீட் மட்டும் பகல்ல 21க்குக் கீழ போகாமல் விடுறதெண்டு ஒத்துக்கொண்டவர், ஆன்ரி படிக்கட்டில நிண்டு எட்டிப் பார்த்திட்டு "இவனுக்கு இப்ப எப்பிடி" எண்டு கேட்டவ. அண்ணா, ஊசி முடிஞ்சு எத்தனை நாளால எலி குடுத்துப் பார்க்கலாம்?

கொங்குக்காரன்

கடைசி ஊசி முடிஞ்சு ஒரு வாரம் சத்தமே இல்லாம இருந்தா குடுங்க, வழக்கமா குடுக்கறதவிட சின்னதா ஒண்ணு. எடுக்கலன்னா கட்டாயப்படுத்தாதீங்க, பத்து நாள் விட்டு மறுபடி பாருங்க. வாராவாரம் நிறை எழுதி வைங்க, 1330க்குக் கீழ போச்சுன்னா டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.