பாட்டி வீடு (குடும்பக் குழு)

அத்தை: விழுந்ததுல அம்மாவுக்கு எலும்பு முறிவு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். இடுப்பு வலி மட்டும்தான்

திவ்யா: அப்பாடா 🙏

சித்தப்பா: எவ்வளவு நேரம் கிடந்தாங்க?

அத்தை: ரெண்டு மணி நேரம். போன் கட்டில் மேல. அம்மா பாத்ரூம்ல

பெரியப்பா: நான் பக்கத்துத் தெரு. கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேன்

அத்தை: கூப்பிட்டுட்டேதான் கிடந்தாங்க அண்ணே. ராசுக்கண்ணு ராசுக்கண்ணுன்னு

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: எப்பவும் அவன் பேருதானே

குமார்: நான் ஒண்ணு செஞ்சு தர்றேன். பொறுமையா படிங்க. ராஸ்பெரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, யூஎஸ்பி மைக், சின்ன ஸ்பீக்கர். குறிச்சு வச்ச ஒரே சொல்லைத்தான் தேடிட்டு இருக்கும். அது காதுல விழுந்தா "பாட்டி, ஆள் வரணுமா?"ன்னு கேட்கும். வேண்டாம்னா விட்டுடும். 20 செகண்ட்ல பதில் இல்லைன்னா நம்ம எல்லாருக்கும் டெலிகிராம்ல செய்தி, அப்புறம் வரிசையா போன். மயங்கிட்டா பதில் வராது, அதனால பேசாம இருந்தா "ஆமா"ன்னுதான் எடுத்துக்கணும். ஒரு மணி நேரத்துக்கு மேல தரையில கிடந்தாலே தசை கெட்டு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம்

திவ்யா: வீட்ல பேசுறது எல்லாம் பதிவாகுமா?

குமார்: ஆகாது. எல்லாம் அந்த போர்டுக்குள்ளயே. குரல் இண்டர்நெட்டுக்குப் போகாது

அத்தை: என்ன சொல்? அம்மாவா?

பெரியப்பா: உட்கார்ந்தா அம்மாடி, எந்திரிச்சா அம்மாடி. நாள் முழுக்க மணி அடிக்கும்

திவ்யா: காப்பாத்துங்க?

அத்தை: டிவில தினம் நாலு தடவை வருது

குமார்: புதுசா சொல்லிக் கொடுத்தா விழுந்த பதட்டத்துல மறந்துடுவாங்க. தானா வாயில வர்றதா இருக்கணும். ரொம்ப சின்னதாவும் இருக்கக் கூடாது, தப்பா பிடிக்கும்

குமார்: ராசுக்கண்ணு?

சித்தப்பா: என் பேரு வேண்டாம். வேற வைடா

பெரியப்பா: அதையே வை. அம்மாவுக்கு வர்றது அதுதான்

அத்தை: ராசு போன்ல பேசும்போதெல்லாம் அடிக்குமே

பெரியப்பா: மாசம் ஒரு தடவைதானே

சித்தப்பா: அண்ணே

அத்தை: அது இங்க வேண்டாம்

குமார்: அதுக்குத்தான் அந்த 20 செகண்ட். பாட்டி குரல்லயே பதிவு எடுக்கணும். உரக்க ஒண்ணு, படுத்துக்கிட்டு முனகுற மாதிரி ஒண்ணு. மைக் பாத்ரூம் கதவுகிட்ட, முழங்கால் உயரத்துல. கரண்ட் போனா பேட்டரி, வைஃபை போனா சிம். தினம் காலைல பெட்டிகிட்ட இருந்து "உயிரோட இருக்கேன்"னு செய்தி வரும். வரலைன்னா பெட்டி கெட்டுப்போச்சு

அத்தை: அந்த வார்த்தையை மாத்துடா

குமார்: சரி அத்தை. "பெட்டி நல்லா இருக்கு"

திவ்யா: பக்கவாதம்னா பேச்சே குழறுமே

குமார்: ஆமா. குரலை மட்டும் நம்ப முடியாது. கழுத்துல ஒரு பட்டனும் வேணும்

அத்தை: போன தடவை வாங்கினது பீரோல கிடக்கு

பெரியப்பா: மணி அடிச்சா கதவை யார் திறக்கிறது? என்கிட்ட சாவி இல்லையே

அத்தை: நீங்கதான் அன்னிக்குக் கோவத்துல வீசிட்டுப் போனீங்க

பெரியப்பா: …

சித்தப்பா: என் சாவியை அண்ணனுக்கு கூரியர்ல அனுப்புறேன்

பெரியப்பா: நேர்ல கொண்டு வா

சித்தப்பா: பாக்குறேன் அண்ணே

குமார்: அப்ப முதல் கால் பெரியப்பாவுக்குப் போற மாதிரி வைக்கிறேன்

பெரியப்பா: ராத்திரியும் எடுப்பேன். சத்தத்தைக் கூட்டித்தான் வச்சிருக்கேன்

அத்தை: அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா, மைக் வைக்கலாமான்னு?

திவ்யா: 😶

குமார்: நீங்களே கேளுங்க அத்தை

அத்தை: தூங்குறாங்க. எந்திரிக்கட்டும்