ஜியோஜீப்ரா பாடங்களை எப்படி மதிப்பிடுவது? உதவி தேவை

வணக்கம் ஆசிரியர்களே. ஒன்பதாம் வகுப்பு வடிவியலுக்காக ஜியோஜீப்ராவில் (உருவங்களை வரைந்து, இழுத்து மாற்றிப் பார்க்க உதவும் கணிதச் செயலி) சில பாடங்கள் செய்திருக்கிறேன்: அரைவட்டத்தில் அமையும் கோணம், வட்ட நாற்கரம், முக்கோணத்தின் செங்கோட்டு மையம் (மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி). அரைவட்டப் பாடத்தில் புள்ளியை இழுத்தால் உருவம் மாறும், கோணம் மட்டும் 90°யிலேயே நிற்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் பிடிப்பதும் புரிவதும் ஒன்றல்லவே, அதை எப்படி அளப்பது என்பதுதான் என் கேள்வி.

இப்போதைக்கு இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றை வைத்திருக்கிறேன். கண்ணளவில் வரைந்த சதுரம், முனையை இழுத்ததும் குலைந்துவிடும். செங்குத்துக்கோடும் வட்டமும் கொண்டு அமைத்த சதுரம் குலையாது. ஏன் குலையவில்லை என்று மாணவர் தன் சொல்லில் எழுத வேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பதில்தான்.

நெதர்லாந்துக் கணிதக் கல்வியாளர்களான வான் ஹீலே தம்பதியர் 1957இல் முன்வைத்த வடிவியல் சிந்தனை நிலைகளை ஒட்டி, தமிழில் வினாத்தாள் யாராவது தயாரித்திருக்கிறீர்களா? இருந்தால் பகிருங்கள். அப்புறம், அரசுப் பள்ளியில் கற்பிப்பவர்கள் யாராவது ஒரு பாடவேளை என் பாடங்களை நடத்திப் பார்த்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும். செயலியை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் நடத்தலாம். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.