மறு: பேனலுக்கு அடியில் விடும் இடைவெளிக்குச் சொல் வேண்டும், அவசரம்

வணக்கம். சோலார் பேனல் மாட்டுறவங்களுக்கான கையேடு ஒண்ணு தமிழாக்குறேன், நாளைக்கு அச்சுக்குப் போகணும். வெயில் அதிகமான இடத்துல கூரையோட ஒட்டி மாட்டாதீங்க, அடியில காத்து ஓட 10 முதல் 15 செ.மீ. விடுங்கன்னு வருது. இந்த ஏர் கேப்புக்கு என்ன போடலாம்? இப்போதைக்கு 'காற்றிடைவெளி'.

---

தம்பி, பழஞ்சொல்லே இருக்கே. கால்னா காற்று, அதர்னா வழி, காலதர். சிலம்புல 'மான்கண் காலதர்'னு ஜன்னலுக்கு வருது. கால்தல்னா வெளிவிடுதல், கக்குதல், அதுலருந்துதான் காற்றுக்கே கால்னு பேர் வந்திருக்கும்னு என் எண்ணம், கான்றான், கான்றதுன்னு பாருங்க

---

ஐயா, மாட்டுற ஆளுக்குக் கால்னா பேனலைத் தாங்குற ஸ்ட்ரக்சரோட கால். 'காலதர் 10 செ.மீ.'ன்னா கால் உயரத்தை அளந்துட்டு இறங்கிடுவார்.

---

இடைவெளியும் சரியில்லை. அழகுக்காகச் சுத்தித் தகரம் அடிச்சு மூடிடுறாங்க, டேப் வச்சா 10 செ.மீ. கரெக்டா இருக்கும், காத்து மட்டும் நகராது. கீழ் விளிம்புல நுழைஞ்சு சூடாகி மேல் விளிம்பு வழியா போகணும், அப்பதான் பேனல் ஆறும். பேனல்ல போட்டிருக்கிற வாட் கணக்கு, உள்ள இருக்கிற செல் 25 டிகிரில இருக்கும்போது எடுத்தது, செல் 65-க்குப் போச்சுன்னா, டிகிரிக்கு 0.35 சதவீதம் மின்சாரம் குறையுற பேனல்ல 14 சதவீதம் காலி. 0.26 பேனலா பார்த்து வாங்கினாக்கூட 10 போகும். அதனால சொல்லுல 'வழி' இருக்கணும்: வளிவழி.

---

அக்கா, அதை வேகமா ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க 🙂 அச்சுல 'வழிவளி'ன்னுதான் வரும். அப்புறம் அந்த 14-ஐ யாரும் 'வெப்ப இழப்பு'ன்னு எழுதிடாதீங்க, பேனல் வெப்பத்தை இழந்தா நமக்கு நல்லதுதானே!

---

சோலார் பேனலை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? ஞாயிற்றுப் பலகை.

---

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஓடுமான்னு கேப்பாங்க.

---

நாலு பேர் காற்றிடைவெளியே போதும்னுட்டாங்க, அதையே அனுப்புறேன். 'மேல், கீழ் விளிம்புகளை மூடக் கூடாது'ன்னு பக்கத்துல ஒரு வரி சேர்த்தாச்சு.

---

வரி சேர்க்கவேண்டி இருக்குன்னாலே சொல் பத்தலைன்னுதானே அர்த்தம்? வளிவழியை நான் விடுறதா இல்லை. காலதர் ஐயா, நீங்களாவது இந்தப் பக்கம் வாங்க.

---

அதர்னாலும் வழிதான் அம்மா. காலதர்னு போட்டா வர்றேன்.