உண்ணி கடித்த காய்ச்சலுக்குப் பிறகு அக்கி: விளங்கினவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தம்பி தென்கொரியாவில் மிளகாய்த் தோட்டத்தில் வேலை. போன மாதம் உண்ணி கடித்து, காய்ச்சல், வயிற்றோட்டம், பிளேட்லெட்டும் வெள்ளணுவும் நன்றாக இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். உண்ணி கடித்துப் பரவுகிற, பிளேட்லெட்டை இறக்கிக் கடும் காய்ச்சல் தருகிற எஸ்.எஃப்.டி.எஸ். (SFTS) என்ற வைரஸாம். சீனாவில் 2009இல் தலைகாட்டியது, கொரியாவில் 2013இல் உறுதியானது. மாட்டு உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்குகிற ஆட்கள் நாங்கள், முதலில் சிரித்துவிட்டோம்.

காய்ச்சல் விட்ட பிறகு விலாவில் ஒரு பக்கமாக அக்கி போட்டிருக்கிறது. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் (சின்னம்மை) வைரஸ் நரம்பு முடிச்சில் ஒளிந்து கிடந்து, எதிர்ப்புச் சக்தி விழுந்த நேரம் பார்த்து எழும்பியதாம். சரி, அது விளங்குகிறது. அதற்கு அசைக்ளோவிர் கொடுக்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் என்கிற, கொப்புளிப்பான் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸும் எழும்பியிருக்கிறதாம். அதுவும் உடம்பில் உறங்கிக் கிடக்கிற சாதிதானே?

மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்: அதற்குத் தனி மருந்து வேண்டுமா, உடம்பு தேறினால் தானாக அடங்குமா? கொரிய மொழி வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால், பெயரை மறைத்து அறிக்கையை அனுப்புகிறேன். அம்மாவுக்கு அக்கி விஷயம் இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டில் வாய் விட்டுவிடாதீர்கள்.