புதுப்பிப்பு: சித்தியின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது

பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்ட சித்திக்கு, எடுத்த பித்தப்பையில் புற்றுநோய் இருந்ததை மருத்துவமனை சொல்லவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

எழுதிக் கேட்டதும் ரிப்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து வந்த தாள் நேராக ஃபைலுக்குள் போயிருக்கிறது. தையல் பிரிக்கப் போன அன்றும் மருத்துவர் புண்ணை மட்டும்தான் பார்த்தார். அதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. பித்தப்பை எடுத்தவர்கள் தயவுசெய்து பயாப்சி முடிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினோம். கட்டி பித்தப்பைச் சுவரின் தசை அடுக்கு வரை போயிருப்பதால், பித்தப்பையை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டுமாம். ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்.